மாடனுக்கு மேலே பேச்சி

எங்கள் பெரியப்பா வருஷத்தில் ஒரு நாள் சாமியாக இருந்தார். மற்ற நாளெல்லாம் ஊர்க் கடைசியில் இருந்த அரிசி ஆலையில் மோட்டார் பார்த்தார். இடுப்பு வலிக்கிறது என்று பெரியம்மையிடம் தைலம் தேய்த்துக்கொள்வார். ரசத்தில் உப்பு கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார். வைகாசிக் கடைசி வெள்ளி சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டால் அவர் வேறு ஆள். கச்சை கட்டி, தலையில் குல்லாய் வைத்து, வல்லயம் என்ற ஈட்டியைப் பிடித்துக்கொண்டு மேளத்துக்கு முன்னால் இறங்கினார் என்றால், அவரைவிட மூத்தவர்களும் "ஐயா" என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அவர் வேஷம் போட்டார் என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். கொடைக்குக் கால்நாட்டிய அன்றே விரதம் தொடங்கிவிடும். பீடியைக்கூடத் தொட மாட்டார். மேளம் ஏறும்போது அவர் உடம்பு நடுங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மதில்சுவர்த் தகராறில் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பியை ஒரு கொடையில் கையைப் பிடித்து இழுத்து வந்து ஒரே இலையில் சாப்பிட வைத்தார். கோர்ட்டுக்குப் போயிருந்தால் அது பேரன் காலம் வரை இழுத்திருக்கும். ஊருக்கு அந்த நியாயம் வேண்டியிருந்தது, அதனால் அந்தச் சாமியும் வேண்டியிருந்தது.

சங்கடம் என்னவென்றால், மனுஷன் சொன்னால் எதிர்த்து நாலு வார்த்தை பேசலாம். மாடன் சொல்லிவிட்டால் "உத்தரவு ஐயா" என்று திருநீறு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெரியப்பாவுக்கும் இது தெரியும். தெரியாமல் என்ன!

தொண்ணூறுகளின் நடுவில் நான் பிளஸ் டூ முடித்தேன். நல்ல மார்க். ஆற்றுக்கு அக்கரையில் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. படிப்பது என்று நானும் அம்மாவும் முடிவு செய்திருந்தோம். பெரியப்பா வேறொரு முடிவில் இருந்தார். அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. பெரியம்மையின் தம்பி மகனுக்கு என்னைக் கட்டிவைத்துவிட்டால் அப்பாவின் ஆற்றங்கரை வயல் குடும்பத்தைவிட்டு வெளியே போகாது. வீட்டுக்கு வந்து சாதாரண மனுஷனாக இரண்டு தடவை கேட்டார். அப்பா யாரையும் எதிர்த்துப் பேசாதவர். ஆனாலும் "பிள்ளை ஆசப்படுதா, படிக்கட்டுமே அண்ணே" என்று சொல்லிவிட்டார். எனக்கு அன்று அப்பாவைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது.

அந்த வருஷக் கொடையில் பெரியப்பா மாடனைக் கூட்டி வந்து கேட்டார்.

மதியக் கொடை. வெயிலில் மணல் சுடுகிறது. பம்பையும் உறுமியும் ஓங்கி அடிக்க, மாடன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் முறை வந்தது. அப்பாவின் தோளில் கையை வைத்தார்.

"ஏ மக்கா! உன் வீட்டுல ஒரு பொம்பளப் பிள்ள ஆத்தத் தாண்டணும்னு நிக்கா. தாண்டுனா உன் வீட்டுல ஆம்பள தங்காது. சொல்லிட்டேன்!"

அப்பா அந்த மாசியில்தான் வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருந்தார். அவருடைய முகம் சுண்டிப்போனது. "உத்தரவு ஐயா" என்று சொல்ல வாயெடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குல்லாயைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் அப்பாவின் உயிரைச் சொல்லிவிட்டாரே, பாவி மனுஷன், கை எழவில்லை.

எங்கள் கோயிலில் மாடனுக்கு மேலே பேச்சியம்மன். முதல் பீடம் அவளுக்கு, முதல் படைப்பு அவளுக்கு. மாடனுக்குத் தாய் முறை. அவளுக்கு ஆடிவந்த ஒரு வயசான அம்மாள் இறந்தபின் யார் மேலும் பேச்சி இறங்கவில்லை. மேளக்காரர்கள் மட்டும் வருஷாவருஷம் அவள் பீடத்துக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு சுற்று அடித்துவிட்டுப் போவார்கள்.

அப்பா வாயைத் திறந்த அந்த நொடியில் பெண்கள் பக்கமிருந்து ஒரு கூச்சல். திரும்பினால் அம்மா. கொண்டையை அவிழ்த்துவிட்டு பேச்சியின் பீடத்தில் கிடந்த வேப்பங்குலையை அள்ளிக்கொண்டு ஓடி வருகிறாள். பம்பைக்காரர் ஒரு கணம் திகைத்து, பிறகு கையை மாற்றிப் பேச்சிக்கு உரிய அடியை அடித்தார்.

"ஏலே மாடா! நில்லுலே!"

பெரியப்பாவின் முன்னால் தலை நிமிர்ந்து நின்றறியாதவள் அம்மா. அவர் தெருவில் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒதுங்குவாள். அவள் அவரை "ஏலே" என்கிறாள்!

"ஏம் பிள்ள ஆத்தத் தாண்டுவா, கடலையும் தாண்டுவா. அவ அப்பன் உசுருக்கு நான் பொறுப்பு. நீ யாருலே மறிக்கதுக்கு?"

பெரியப்பா வல்லயத்தை ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தார். அந்தக் கண்ணில் மாடன் இருந்தாரா, ரைஸ்மில் மோட்டார்காரர் இருந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் வேறு வழி கிடையாது. பேச்சி பொய் என்றால் மாடனும் பொய். தம்பி பெண்டாட்டியின் முன்னால் முழங்கால் போட்டார். "உத்தரவு தாயே" என்றார். அம்மா அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டாள்.

நான் படிக்கப் போனேன். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று நடந்ததைப் பற்றி அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்திருந்தேன். எனக்காக ஊரையே ஏமாற்றியவள், என்ன துணிச்சல், என்ன நடிப்பு! விடுதியில் மற்றப் பெண்கள் தங்கள் அம்மாக்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். அது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று பெருமையாக இருந்தது.

ஊர் அம்மாவை விடவில்லை. செவ்வாய், வெள்ளியில் பெண்கள் குறி கேட்டு வர ஆரம்பித்தார்கள். முதலில் "எக்கா, நான் என்னத்தக் கண்டேன், போங்க" என்று அடுப்படிக்குள் ஒளிந்தாள். பிறகு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததில் நல்லதும் நடந்தது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்த ஒரு மாமியாரை "இப்பமே வண்டியக் கட்டு" என்று பேச்சி அதட்டியதில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். டாக்டர் சொன்னால் அந்தக் கிழவி கேட்டிருக்கவே மாட்டாள்.

அப்பா அம்மாவை "ஏட்டி" என்று கூப்பிடுவதை நிறுத்தினார். வெள்ளிக்கிழமைகளில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவளுக்கு எதிரே நின்றார். அம்மாவின் குரல் பைய மாறியது. சாதாரண நாளிலும் யாரும் மறுத்துப் பேசினால் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு எதிராளி அடங்கிவிடுவார்.

ஒரு தடவை லீவில் வந்திருந்தேன். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, பத்தாவது பெயிலாகி மறுபடி எழுதுகிறேன் என்று அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பெற்றவர்கள் குறி கேட்டு வந்தார்கள். "படிப்பு அவளுக்கு வெளங்காது. காலத்தோட முடிச்சிருங்க" என்றாள் அம்மா. ஒரு மாதத்துக்குள் கல்யாணம் முடிந்தது. நான் அடுப்படியில் அம்மாவைப் பிடித்தேன்.

"எனக்கு ஒரு நியாயம், ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நியாயமாம்மா?"

"நானாட்டி சொன்னேன்?" என்றாள் அம்மா.

என்னிடமே நடிக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படித்து முடித்து வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கூட வேலை பார்த்தவர் சாத்தான்குளம் பக்கத்துக்காரர், கிறிஸ்தவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். நான் படபடவென்று பொரிவதைக் கேட்டுவிட்டுப் "பொறவு?" என்பார். அதிலேயே எனக்குப் பாதிக் கோபம் போய்விடும். கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தோம். அவர் வீட்டிலும் சும்மா இல்லை. நான் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காமல் அந்த வாசல்படி ஏறக் கூடாது என்று கர்த்தர் தனக்கு உணர்த்தியதாக அவர்கள் போதகர் சொல்லியிருந்தார். "உங்களுக்குப் பேச்சி, எங்களுக்குப் போதகர்" என்று அவர் சொல்ல, இருவரும் சிரித்தோம். சிரிக்கிற வயசு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்காக மாடனையே மண்டியிட வைத்தவளிடம் சொல்ல என்ன பயம்? அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். அழவுமில்லை, ஏசவுமில்லை. "கொடை முடியட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

கொடையும் வந்தது. மறுபடி அதே மதிய நேரம். பேச்சி ஆடி வந்து என் முன்னால் நின்றாள். தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"ஏ எல்லைய விட்டு வேற சாமி வீட்டுக்கு ஒருத்தி போகப் பாக்கா. அன்னைக்கு உன் அப்பன் உசுருக்கு நான் பொறுப்புன்னு சொன்னேன். நீ போனா அந்தப் பொறுப்ப நான் விட்டேன். அவனுக்கு வாக்கப்பட மாட்டேன்னு சூடத்த அணச்சுச் சத்தியம் பண்ணு!"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பா வல்லயத்தோடு ஓரமாக நின்றார். என் தோல்வியில் அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், அந்த மனுஷன் முகத்தில் பயம்தான் இருந்தது. ஊரே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவள் பேச்சி இல்லை, எங்கள் அம்மா என்று அங்கே கத்தியிருக்கலாம். கத்தினால் அவளை ஊர் என்ன செய்யும்? எனக்கு அவளைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. ஊருக்காக ஆடுகிறாள், நாமும் ஊருக்காக ஒரு சத்தியம் செய்வோம், வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை அடித்து அணைத்தேன். சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தபின் அம்மா அடுப்படியில் என் கையை மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினாள். உள்ளங்கை கொப்புளித்திருந்தது. அவள் முடி இன்னும் ஈரமாக, மஞ்சள் மணத்தோடு கிடந்தது.

"சரி, நாடகம் முடிஞ்சிட்டு. இப்பம் எங்க அம்மையாப் பேசு" என்றேன்.

அம்மா தடவுவதை நிறுத்தினாள்.

"அன்னைக்குத்தாம்ட்டி நாடகம். நீ படிக்கணும்னு நின்னப்போ எனக்குள்ள ஒண்ணும் வரல. உன் பெரியப்பன் வாயில விழுந்த வார்த்தைய எடுக்க எனக்கு வேற வழி தெரியல. நானாத்தான் முடிய அவுத்தேன், நானாத்தான் கத்துனேன். பேச்சி பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டமேன்னு எத்தன நாள் தனியா அழுதிருக்கேன் தெரியுமா? அந்தப் பாவத்துக்குத்தான் விரதம் இருந்தேன், கும்புட்டேன். பொறவு பைய பைய அவளே வர ஆரம்பிச்சா. இப்பம் மேளம் ஏறுதது வரைக்கும்தான் எனக்குத் தெரியுது. முழிச்சுப் பாக்கேன், நீ வெந்த கையோட நிக்க."

என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"என்னட்டி சத்தியம் பண்ணுன?"

இதையும் நடிக்கிறாளோ என்று அவள் கண்ணைத் துழாவிப் பார்த்தேன். ஐயோ, நடிக்கவில்லை. சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான்கூட அப்படி அழவில்லை. "பாவி, எம் பிள்ள ஆசைய அள்ளிக் கொட்டிட்டாளே" என்று பேச்சியை ஏசினாள். அடுத்த மூச்சில் என் வாயைப் பொத்தி, "மீறிராதட்டி. அவ பொல்லாதவ. உங்க அப்பாவ எடுத்துருவா" என்று என் காலைப் பிடித்தாள்.

அவள் ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அழுதோ மிரட்டியோ வழிக்குக் கொண்டுவந்திருப்பேன். என்னைவிட அதிகமாகப் பயந்துபோய்க் காலைப் பிடிக்கிறவளிடம் என்ன சண்டை போட? நான் போனபின் அப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், தன் வாயாலேயே புருஷனைக் கொன்றுவிட்டதாக இவள் நம்புவாள்.

திங்கட்கிழமை வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் அவர் காத்திருந்தார். கையில் கட்டியிருந்த துணியைப் பார்த்துப் பதறிவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை அவர் "பொறவு?" என்று கேட்கவில்லை. "நீ இதெல்லாம் நம்புதியா?" என்றார்.

"நான் நம்பல" என்றேன். "எங்க அம்மை நம்புதா."