ஏழாம் நம்பர் கல்

சிவலிங்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். பாதி அவர்மேல், மீதி முத்தையாமேல். காளிகாட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறவனுக்குக் கடலுக்கடியில் கிடக்கிற கல்லைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். சனிக்கிழமை தவறாமல் மனுஷர் என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து அதைத் தவிர வேறு பேசினதில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

தூத்துக்குடியில் சங்கு குளித்துக்கொண்டிருந்தவர். கல்கத்தாவில் ஒரு சர்க்கார் ஆராய்ச்சி ஆபீஸில், பெயர் வேண்டாம், முங்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டு அறுபத்தொன்பதில் வந்து சேர்ந்தார். வருஷாவருஷம் தை மாசம் துறைமுகத்துக்கு, கித்தர்பூர் டாக்குக்கு, போய்க் கப்பலேறி அந்தமான் போவார்கள். ஆளில்லாத ஒரு தீவின் பக்கம் தண்ணீருக்கடியில் நீளமாகக் கயிறு கட்டி, அது தொடுகிற பவளப்பாறைகளில் பித்தளை ஆணி அடித்து நம்பர் போட்டிருந்தார்கள். எது வளர்ந்தது, எது உடைந்தது, எது வெளுத்துச் செத்தது என்று ஒவ்வொரு வருஷமும் அதே கல்லைப் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் உயிருள்ளது.

“ஒரு தடவ பாத்துட்டு வந்தா ஒண்ணும் வெளங்காதுவே. வருஷம் தப்பாம பாத்தாத்தான் கடலுக்குச் சொகமா இல்லையான்னு தெரியும்” என்பார். மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று கேட்டால் யோசிப்பார். ஏழாம் நம்பர் எவ்வளவு பருத்திருக்கிறது என்றால் கையை விரித்துக் காட்டிவிடுவார்.

முத்தையாவை ஊரிலிருந்து வரவழைத்ததும் அவர்தான். துணைக்கு முங்க ஒரு ஆள் வேண்டும், நம்ம ஊர்ப் பையனாக இருந்தால் நல்லது என்று அதிகாரியிடம் மன்றாடி வேலை வாங்கிக் கொடுத்தார். கல்யாணம் ஆகும்வரை டாலிகஞ்சில் அவர் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு, படுக்கை எல்லாம். தமயந்தியைப் பெண் பார்த்து முடித்ததுகூட சிவலிங்கத்தின் மனைவி நாகலக்ஷ்மிதான். பக்கத்துத் தெருவிலேயே வீடும் பிடித்துக் கொடுத்தார்கள்.

எழுபத்தேழில் சிவலிங்கத்துக்குக் காது ஜவ்வு கிழிந்துவிட்டது. இரண்டு வருஷம் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். கடைசியாக முங்கியபோது ஒன்பதாம் நம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுப்பு கண்டிருந்தது. அது பரவியதா, தேறியதா என்று தெரியாமல் மனுஷருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முத்தையா தனியாகப் போய் வந்தான்.

“ஒம்பது அப்படியே இருக்கு அண்ணாச்சி. ஆனா புயல்ல கயிறே பாதி அத்துப்போச்சு. ஏழாம் நம்பரக் காணல” என்றான். அடுத்த வருஷம் போய் வந்து, இன்னும் பல கல்லைக் காணவில்லை என்றான். அதிகாரி சந்தேகப்பட்டபோது, “புயல்தான் சார், முத்தையா பொய் சொல்ல மாட்டான்” என்று ஜாமீன் நிற்காத குறையாகப் பேசியது சிவலிங்கம்.

எழுபத்தொன்பது நவராத்திரி. வெளியே துர்கா பூஜைப் பந்தலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். முத்தையா வீட்டில் கொலு. சுண்டலுக்குக் கடலை என் கடையிலிருந்துதான் போனது. படிகளுக்குப் பக்கத்தில் மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்க வைத்து, நடுவே மலை வைத்து அதன்மேல் முருகனை நிறுத்தியிருந்தாள் தமயந்தி. நானும் போய்ப் பார்த்தேன். பயிர் மூடின மலைக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

மறுநாள் போன சிவலிங்கம் பார்த்தார். குனிந்து பயிரை விலக்கினார். வரிவரியாகச் சுருண்ட கல். பின்பக்கம் தடவினார். பித்தளை ஆணி, அதில் ஏழு.

தமயந்திக்கு ஒன்றும் தெரியாது. பெருமையாகச் சொன்னாள்: “நல்லா இருக்கா அண்ணாச்சி? அவுக கப்பல்ல கொண்டாந்தது. மத்ததையெல்லாம் டாக்குப் பக்கத்துல ஒரு கடையில குடுத்துட்டாக. இது ஒண்ண நான் விடல.”

முத்தையா அவரை வராந்தாவுக்கு இழுத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “புத்தி கெட்டுப் போச்சு அண்ணாச்சி. கொலுவ நடுவுல கலைக்கக் கூடாது. விஜயதசமி கழியட்டும், நானே ஆபீஸ்ல வந்து ஒத்துக்கிடுதேன்.”

கொலுவைக் கலைக்கக் கூடாது என்பதற்காக இவரும் வாயை மூடிக்கொண்டு வந்தார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே கல்லைத் தூக்கியிருப்பேன், முருகன் கோபித்தால் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும்.

விஜயதசமிக்கு மறுநாள், தெருவில் வங்காளிகள் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டிருந்த நேரத்தில் முத்தையா வந்தான். ஒரு கையில் சந்தேஷ் மிட்டாய்ப் பெட்டி, இன்னொரு கையில் துண்டில் சுற்றிய கல். அவர்களுடைய பிஜோயா முறைப்படி அண்ணாச்சியைக் கட்டிக்கொண்டான். “ஒங்க கல்லு ஒங்ககிட்டயே இருக்கட்டும். ஆபீஸ் தொறக்கவும் சேந்து கொண்டு போவோம்” என்றான். சிவலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஒட்டியிருந்த கேழ்வரகு வேரையெல்லாம் பிடுங்கிக் கழுவி, அலமாரியில் வைத்தார். பையன் திருந்திவிட்டான் என்று நாகலக்ஷ்மி அவனுக்குச் சாப்பாடு வேறு போட்டாள்.

பூஜை லீவு முடிந்து ஆபீஸ் திறக்கிற அன்று காலையில் முத்தையா வந்தான், அதிகாரியையும் கூட்டிக்கொண்டு. கல் அலமாரியில் இருந்தது. “அண்ணாச்சி கடைசியா முங்குனப்பவே பேத்துட்டாங்க சார். சோறு போட்ட நன்றிக்காகப் புயல்னு பொய் சொல்லிட்டேன்” என்று அவர் வீட்டுக் கூடத்திலேயே நின்று சொன்னான். புயல் என்று அதிகாரியிடம் சத்தியம் பண்ணினவர் சிவலிங்கமே அல்லவா! இனி என்ன பேசுவது?

முத்தையா வீட்டுக் கொலுவில் இருந்த கல் இது என்றார் சிவலிங்கம். தமயந்தியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு, “எங்க கொலுல செங்கல்லுதான் வச்சோம்” என்றாள். நாகலக்ஷ்மி, “ஏட்டி, என் முகத்தப் பாத்துச் சொல்லு” என்றாள். அவள் பார்க்கவில்லை. அவளுக்கும் பிழைப்பு இருக்கிறது, புருஷன் இருக்கிறான் என்று என் மனைவி சமாதானம் சொல்கிறாள். எனக்கு ஆறவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் கப்பல் போயிற்று. காது ஆறி, அந்தத் தையில் மறுபடி முங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்த நேரம். அவரை ஸ்டோர் ரூமில் போட்டார்கள், புட்டிகளில் கிடக்கிற செத்த மீனுக்கு ஸ்பிரிட் மாற்ற. பவளப்பாறையைப் பார்த்துவரும் பொறுப்பு முழுக்க முத்தையாவுக்கு. கல்லைத் திருடினவனிடமே மிச்சக் கல்லை எண்ணிவரச் சொல்லி அனுப்பினார்கள்.

மாசியில் கப்பல் திரும்பிய அன்று டாக்குக்கு வாரும் என்று என்னை இழுத்துப்போனார். இன்றைக்காவது அவன் சட்டையைப் பிடிக்கப்போகிறார் என்று கடையைச் சாத்திவிட்டு ஆசையாகப் போனேன். முத்தையா வெயிலில் கறுத்து, பெட்டியோடு இறங்கி வந்தான். “என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?” என்றான், ஒன்றும் நடக்காதது போல.

சிவலிங்கம் அவனிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். “ஒம்பதாம் நம்பர் எப்பிடி இருக்குடே? வெளுப்பு பரவிட்டா?”

“சுத்தமா தேறிட்டு அண்ணாச்சி. நல்லா இருக்கு.” போய்விட்டான்.

டிராமில் ஏறியதும் என்னால் அடக்க முடியவில்லை. “வெக்கமா இல்லையா ஒமக்கு? அவன்ட்டயா போயி கேப்பீரு? அவன் சொல்லுதத நம்புதீரா?”

“நம்பல” என்றார். “ஆனா உள்ள முங்கி அதப் பாத்தவன் அவன் ஒருத்தன்தானவே. வேற யார்ட்ட போயி கேக்கச் சொல்லுதீரு?”