தப்பான உறைக்குள் போன பால்செடி

பதினோரு வருஷமாக எனக்கு ஓர் ஆத்திரம் அடங்கவில்லை. மன்யோசா அக்கா கண்டெடுத்த பால்செடியைத் தலைநகரத்துச் செடிக் காப்பக அதிகாரி வேறொரு இனத்தின் உறைக்குள் போட்டு அலமாரியைச் சாத்திவிட்டார்.

அக்கா எங்கள் முவினிலுங்கா வன நிலையத்தில் செடிகளை அமுக்கிக் காயவைத்து அட்டையில் தைக்கிறவள். நான் அங்கே லாரி ஓட்டினேன். செப்டம்பரில் புல்வெளிக்குத் தீ வைத்த பத்தாம் நாள் கரிக்குள்ளிருந்து பால்செடி தலைநீட்டும். மழைக்கு முன் பூத்து முடிந்துவிடும். அந்த வருஷம் மேட்டில் பறித்த இரண்டு பூவை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நல்லா பாரு கசொண்டா. ரெண்டும் ஒண்ணா?"

"ரெண்டுலயும் பால் வடியுது. கை பிசுபிசுங்குது. வேறென்ன?"

"கண்ணு தூங்கறதுக்கு மட்டுமா வெச்சிருக்க? நடுவுல கிரீடம் மாதிரி இருக்கே, அதைப் பாரு. இதுல அஞ்சு இதழும் கரண்டி மாதிரி விரிஞ்சிருக்கு. அதுல உள்ள மடிஞ்சு வாயை மூடிக்கிட்டிருக்கு. வாய் மூடினது வேற இனம்."

அமுக்கினால் கிரீடம் நசுங்கி இரண்டும் ஒன்றுபோலாகிவிடும். அதனால் பூவைச் சாராயத்தில் ஊறப்போட வேண்டும். நிலையத்தில் தீர்ந்திருந்தது. அக்கா, காய்ச்சுகிற வீட்டில் ஒரு போத்தல் வாங்கி, வாய் மூடின பூக்களை அதில் போட்டு, செடி தைத்த அட்டையோடு தலைநகரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

வழியில் என் மச்சான் இலூங்கா ஏறிக்கொண்டான். பாதி வழியில், சொல்வெசி ஊரில் நிறுத்திப் பார்த்தால் போத்தல் காலி.

"மூலிகைச் சரக்குன்னு நெனச்சேன் மச்சான். பூ ஒரே கசப்பு, துப்பிட்டேன்."

இரண்டு நாள் அவனுக்கு வயிறு போனது. எனக்குப் பாவமாக இல்லை.

அதிகாரி நசுங்கிய பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை வெச்சு வேற இனம்னு எப்படிய்யா சொல்றது?" என்று பழைய உறையில் செருகினார். அவர்மேல் ஆத்திரப்படுவது எனக்கு வசதியாக இருந்தது. அக்காவிடம் போத்தல் உடைந்துவிட்டதென்றேன்.

மறு வருஷம் மேட்டுக்கு யாரோ வேலி போட்டுத் தீயை நிறுத்தினார்கள். தீ படாமல் அந்தச் செடி பூக்கவேயில்லை. அக்கா வருஷாவருஷம் வேலியோரம் போய் எட்டிப்பார்த்துத் திரும்பினாள். இந்த வருஷம் வேலி விழுந்து மேடு எரிந்து செடி தலைநீட்டியபோது அவளால் பாயைவிட்டு எழ முடியவில்லை. மரவள்ளிக் களி கொண்டுபோனேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"அக்கா, அந்தப் போத்தல் உடையல..."

"தெரியும்டா. இலூங்கா பொண்டாட்டி அந்த வாரமே சொல்லிட்டா. அவன் வயித்துல போய்ப் பூத்திருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

சிரித்தாள். இருமல் அடங்கும்வரை என் கையைப் பிடித்திருந்தாள்.

"நாளைக்கு மேட்டுக்குப் போ. வாய் மூடின பூவா பாத்து எடு. சாராயத்துல போட்டு நீயே கொண்டுபோய் அந்த ஆள் முன்னாடி வை. வழியில யாரையும் வண்டியில ஏத்தாத."