குரலை நம்பாத குருவிளா

கேரளாவில் மல்லப்பள்ளிப் பக்கம் ஓடிய அரசுப் பேருந்துகளில் குருவிளாவைத் தெரியாத நடத்துநர் கிடையாது. டிக்கெட் பரிசோதகராக அவர் வண்டியை மறித்து ஏறினால், ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்கியவர்களும் ஒரு தரம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். சொந்த மச்சினனையே, ஒரு நிறுத்தம் கூடுதலாக வந்துவிட்டான் என்று எல்லார் முன்னாலும் இறக்கிவிட்ட மனுஷன். அந்த மச்சினன் அப்புறம் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சந்தேகத்தையும் வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா உட்கார முடியுமா? சபைக்குக் கொண்டுபோனார். பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு வீட்டில் ஜெபக்கூட்டம் வைப்பார்கள். பாஸ்டர் முடித்ததும் அரைமணி நேரம் குருவிளாவுக்கு. வேதத்துக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு எழுந்திருப்பார். யூப்ரடீஸ் ஆற்றில் தண்ணீர் குறைந்தது, வடக்கே ஒரு மாநிலத்தில் மதமாற்றத்துக்குத் தடைச்சட்டம் வந்தது, தேர்தலில் எவனோ ஜெயித்தான் என்று எதைச் சொன்னாலும் அவருக்கு அதெல்லாம் ஒரே வண்டியில் ஏறிய ஆட்கள்தான். எல்லாருக்கும் இறங்குமிடம் உலகம் முடிகிற கடைசிக் காலம். யுத்தம் மூண்டு, எருசலேமில் இடிந்துபோன ஆலயம் மறுபடி எழும்பினால் ஆண்டவர் வந்துவிடுவார் என்பது அவர் கணக்கு.

ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் வந்தபோது, கடைசிக் காலத்து மிருகத்தின் முத்திரை வலது கையில் விழும் என்று வேதத்தில் இருக்கிறதே என்று இடது கட்டைவிரலை நீட்டினார். இயந்திரம் அதை ஏற்கவில்லை. அந்தச் சந்தோஷம் அவருக்கு ஒரு மாதம் தாங்கியது.

"மிருகத்துக்கே என்னைப் பிடிக்கலை சோசாம்மா," என்றார் மனைவியிடம்.

"அதுக்காவது பிடிக்காம இருக்க உரிமை இருக்கே," என்றாள் சோசாம்மா. அரிசி வாங்கிவந்தது அவள்தான், வலது கட்டைவிரலை வைத்து.

ஒரே மகள் கெசியா. இஸ்ரேலில், அஷ்கெலோன் என்ற ஊரில், படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவள் அங்கே போனதிலிருந்து கூட்டத்தில் குருவிளாவின் பேச்சுக்குக் கனம் கூடிவிட்டது. மற்றவர்கள் பத்திரிகையைப் பார்த்துச் சொல்வதை இவர் "நம்ம பிள்ளை அங்கேயே இருக்கா" என்று சொல்லலாம். அவள் போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்பது சோசாம்மா. இவர் போனை வாங்கி, படை எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்பார்.

அங்கே யுத்தம் மூண்டது. அந்த வெள்ளிக்கிழமை அவர் பேச எடுத்துக்கொண்ட விஷயம் யுத்தம் இல்லை, குரல். கம்ப்யூட்டருக்கு யாருடைய குரலையாவது துளி கொடுத்தால் போதும், அதே குரலில் அழும், சிரிக்கும், ஆபத்தில் இருப்பதாகச் சொல்லி விவரம் பிடுங்கும் என்றார்.

"அந்திக்கிறிஸ்து கொம்போட வரமாட்டான். உங்க வீட்டுப் பிள்ளை குரல்ல வருவான். தெரியாத நம்பரா, அவசரப்படுத்துறானா, வெச்சிடுங்க."

எல்லாரும் பயந்துபோய்த் தோத்திரம் சொன்னார்கள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை அஷ்கெலோனில் ராக்கெட் விழுந்தது. கெசியாவின் போனுக்கு எத்தனை தரம் அடித்தும் மணி போகவில்லை. சோசாம்மா சோற்றைத் தொடவில்லை. குருவிளாவும் சும்மா இல்லை. வரைபடத்தை விரித்துவைத்து அந்தத் தெரு எது என்று தேடினார், டிவியில் சொல்கிறவன் எதை மறைக்கிறான் என்று உறுமினார். பாசம் இல்லாதவர் என்று சொல்ல முடியாது. பயம் வந்தால் சந்தேகப்படத்தான் அவருக்குத் தெரியும், பாவம்.

புதன்கிழமை மத்தியானம் சோசாம்மாவின் பழைய பட்டன் போன் அடித்தது. வெளிநாட்டு எண். அடுக்களை முழுக்கக் கேட்கும் சத்தத்தில் ஒரு குரல் வந்தது.

"அம்மச்சி, நான்தான்."

சோசாம்மா வாயைத் திறப்பதற்குள் குருவிளா போனைப் பறித்தார்.

"யார் பேசுறது?"

"கெசியாதான் அப்பச்சா. என் போன் ரூமோட போச்சு. இது ஒரு பிலிப்பினோ அக்காவோடது. தூதரகத்து ஆள் வந்து ஊருக்குப் போறவங்க பேரை எழுதுறாரு. என் பாஸ்போர்ட்டும் இடிஞ்சதுக்குள்ள கிடக்கு. அலமாரியில நகல் இருக்குல்ல, நம்பரை மட்டும் படிங்க. எங்களை ஏத்திட்டுப் போற பஸ் நிக்காது."

தெரியாத எண், அவசரம், கடைசியில் பாஸ்போர்ட் எண். போன வெள்ளிக்கிழமை தான் சொன்ன அத்தனையும் வரிசையாக வந்து நிற்பதைக் குருவிளா கண்டார். போனை வைத்துவிட்டார்.

"என்ன காரியம் பண்ணீங்க அச்சாயா? அது என் பிள்ளை குரல்."

"குரல் அவளோடதுதான். தந்திரமே அதுதான்."

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

"பெத்தவளை ஏமாத்தத்தானே அந்தக் குரலைச் செஞ்சிருக்கான்."

மறுபடி அடித்தது.

"வெச்சுடாதீங்க அப்பச்சா, கெஞ்சிக் கேக்குறேன்."

"ஞானஸ்நானம் எந்த ஆத்துல எடுத்தே?"

"மணிமலையாறு."

"அது சபையோட யூடியூப்ல இருக்கு."

"எனக்குக் குடல்வால் ஆபரேஷன் பண்ணினது?"

"ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல இருக்கும்."

"மாமனை நீங்க பஸ்ஸை விட்டு இறக்கினது?"

"அது ஊருக்கே தெரியும்."

சோசாம்மா அதற்குள் அலமாரியைத் திறந்து நகலை எடுத்துவந்துவிட்டாள். அவள் கைக்கு எட்டாமல் அவர் போனை உயர்த்திப் பிடித்தார்.

"பரலோக வாசல்லயும் பேதுருகிட்ட அடையாள அட்டை கேப்பீங்க நீங்க," என்று அவள் பல்லைக் கடித்தாள். "கொடுங்க இப்படி."

"பொறு. எந்த கம்ப்யூட்டர்லயும் இல்லாத ஒண்ணு இருக்கு." குருவிளா போனில் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார். "நெடும்பாசேரி ஏர்போர்ட்ல உன் தலையில கை வெச்சு நான் என்ன ஜெபம் பண்ணினேன்?"

தன் கேள்வியில் அவருக்கே ஒரு பெருமை. அன்று கூட்ட இரைச்சலில் அவள் காதருகில் குனிந்து முணுமுணுத்தது அது. கேட்டவள் அவள் ஒருத்திதான். மறுமுனையில் பஸ் என்ஜின் உறுமுவது மட்டும் கேட்டது. மாட்டிக்கொண்டான் என்று ஒரு நொடி அவருக்குச் சந்தோஷம்கூட வந்தது. குரல் பொய்யென்றால் மகள் உயிரோடு இல்லை என்றாகிவிடுமே என்பது அந்த நொடியில் மனுஷனுக்கு உறைக்கவில்லை.

"எனக்காக ஒண்ணும் பண்ணலை அப்பச்சா," என்றது குரல்.

குருவிளா உயரே பிடித்திருந்த போனை அண்ணாந்து பார்த்தார்.

"உங்க கண்ணு மூடறதுக்குள்ள எருசலேம்ல ஆலயத்துக்குக் கல்லு வைக்கிறதைப் பாக்கணும், அதுக்கு யுத்தம் வரணும்னா சீக்கிரம் வரட்டும்னு கேட்டீங்க. என் பேரு இப்ப வரும், இப்ப வரும்னு நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னேன். நீங்க முடிச்சுட்டீங்க."

உயர்த்திய கை தானாக இறங்கியது. அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். சோசாம்மா போனை வாங்கி, நகலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எழுத்தெழுத்தாகப் படித்தாள். தப்பாகிவிடக் கூடாதென்று இன்னொரு முறையும் படித்தாள்.

"எழுதிட்டாரு அம்மச்சி. ஏறச் சொல்றாரு. அழாதீங்க, வந்துடறேன்."

போன் நின்றது. சோசாம்மா நகலை நான்காக மடித்தாள். புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு நான் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளி நின்னேன் அச்சாயா," என்றாள். "நீங்க என்ன கேக்குறீங்கன்னு காதுல விழலை. பிள்ளைக்குத்தானேன்னு நெனச்சு நானும் ஆமென் சொல்லிட்டேன்."