ஒன்பதாம் பாட்டில் காணாமல் போன மூன்று சுரங்கள்

ஒன்பதாம் பாட்டில் நான்கு நிமிடம் கழிந்ததும் கிட்டார் தனியாக மேலே ஏறும். மொத்தம் ஏழு படிகள். பாடகர் ஒதுங்கிக்கொள்வார், மேளம் அடங்கிவிடும். கிட்டார் மட்டும் ஒவ்வொரு படியிலும் காலை ஊன்றி, கொஞ்சம் வழுக்கி, அடுத்த படிக்குப் போகும். ஏழாவதில் நின்று நடுங்கும். இருபத்தாறு வருடங்களாக எண்ணி வருகிறேன், ஏழுதான். சென்ற ஆவணியில் ஒரு பிற்பகல், படப்பையில் எங்கள் வீட்டு மாடியறையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது நான்குதான் வந்தது. நான்காவதற்குப் பின் ஒன்றுமில்லை. மழைக்கு முன்னால் காற்று நிற்குமே, அப்படி ஓர் அமைதி. பிறகு மேளம்.

முதலில் போன்மீது சந்தேகப்பட்டேன். மகனின் பழைய போனில் கேட்டேன், நான்கு. வேறு இயர்போனில் கேட்டேன், நான்கு. யாரோ பாட்டை வெட்டிவிட்டார்கள் என்று இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள்.

"கிட்டார் ஏறும்போது எத்தனை வருதுன்னு கேட்டுச் சொல்லு."

"எனக்கு வேற வேல இல்ல பாருங்க" என்றாள். ஆனாலும் கேட்டாள். "எல்லாம் வருதே. கீச்சு கீச்சுனு மேல போய் நிக்குது. தெனம் எப்டி வருமோ அப்டியேதான் கீது."

"நாலுதானே வருது?"

"பாட்டு நல்லாத்தான் கீது. உங்க காதத்தான் காட்டணும்."

இதைச் சொல்லிவிட்டு அவள் கீரைக்குத் திரும்பிவிட்டாள். நான் நெடுநேரம் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். ஒரகடம் சாலையில் புதுக் கார்களைச் சுமந்துகொண்டு லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு லாரிக்கு எட்டு கார். எழுபத்து மூன்று வயதில் ஒருவனுக்குக் காது மங்குவது செய்தியே அல்ல. அன்று என்னைப் பிடித்த பயம் வேறு: அந்த மூன்று சுரங்களும் என் மிச்ச நாட்களுக்குள் திரும்பி வருமா, வராதா?

இந்தப் பாட்டுகளை நான் எண்ணால் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரகடத்தில் காருக்குத் தகடு அடித்து வளைக்கும் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை பராமரிப்புப் பிரிவின் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. புதுப் பிரஸ் இயந்திரத்தை நிறுவ ஒரு வெள்ளைக்காரப் பொறியாளர் வந்து ஐந்து வாரம் இருந்தார். அவர் ஊர் திரும்பிய பின், இயந்திரத்தின் மின்பெட்டிக்குள் ஒரு கேசட் கிடைத்தது. மேலே பேனாவால் எழுதியிருந்ததையெல்லாம் எண்ணெய் தின்றுவிட்டிருந்தது. உள்ளே பதினான்கு பாட்டுகள். பெயர் தெரியாததால் எண் கொடுத்தேன். பின்னாளில் போன் வந்து எல்லாப் பெயர்களும் தெரிந்தன. அதற்குள் எண்களே பெயர்களாகிவிட்டிருந்தன.

மதிய உணவு நேரத்தில் ஸ்டோர் அறையில் கேட்பேன். ஸ்டோர்க்காரர் ஒருநாள் இது என்ன வகைப் பாட்டு என்று கேட்டார். "ப்ளூஸ், கொஞ்சம் ராக் சேர்ந்தது" என்றேன். அவர் கடைசி எழுத்தை விட்டுவிட்டு, மீதியைக் கேன்டீன் முழுக்கச் சொல்லிவிட்டார். அந்த வாரம் என்னைப் பார்த்தவர்களெல்லாம் ஒரு மாதிரி சிரித்தார்கள். ஷிப்ட் சூப்பர்வைசர் ஒருவர் சாப்பாட்டுத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சார், அந்த ப்ளூ கேசட்டுல வெறும் சத்தந்தானா, இல்ல படமும் வருமா?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அழைத்துப்போய் ஒன்பதாம் பாட்டைப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டார். முகம் தொங்கிப்போயிற்று.

"இன்னா சார் இது, இந்தாளு அழுவுறான்."

அந்தப் பாட்டுகளைப் பற்றி அவரைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. உலகத்தார் இவற்றைச் சிறந்த பாட்டுகள் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதைப் போன் வந்த பிறகுதான் அறிந்தேன். என் பதினான்கில் பதினொன்று ஏதாவது ஒரு பட்டியலில் இருந்தது. ஒன்பதாம் பாட்டு ஒன்றில் ஆறாவது, இன்னொன்றில் நாற்பதாவது. நாற்பதாவது என்று போட்டவர்மீது எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

இவை ஏன் பழசாவதில்லை என்று நானும் யோசித்திருக்கிறேன். அமைப்பு மிக எளியது. பன்னிரண்டு தாளக் கட்டங்கள். முதல் வரி ஒரு குறை. இரண்டாவதிலும் அதே குறை. மூன்றாவதில் பதில். பதில் என்றால் தீர்வு இல்லை, குறையின் இன்னொரு பக்கம். பிறகு மீண்டும் முதல் கட்டம். என் மனைவி தண்ணீர் லாரி வராத நாளில் இப்படித்தான் பேசுவாள். இன்னும் வரவில்லை என்பாள், இன்னும் வரவில்லை என்பாள், பிறகு அவன் வந்துதான் என்ன ஆகப்போகிறது என்பாள். புலம்பல் எந்த ஊரிலும் இந்த அளவில்தான் இருக்கும் போலிருக்கிறது. இரண்டே அறை உள்ள வீடு மாதிரி, உள்ளே போன யாருக்கும் வழி தப்பாது.

இன்னொன்று தாமதம். எங்கள் பிரஸ் இயந்திரம் தப்பாமல் ஒரே அளவில் இறங்கும். துளி பிந்தினாலும் சிவப்பு விளக்கு எரிந்து லைன் நின்றுவிடும், என்னைத் தேடி ஆள் ஓடிவரும். அந்தப் பயத்திலேயே என் பகல்கள் கழிந்தன. ஒன்பதாம் பாட்டின் மேளக்காரரோ ஒவ்வோர் அடியையும் ஒரு மயிரிழை பிந்தித்தான் போடுகிறார். அவசரமே இல்லாமல், முழங்கால் அளவுத் தண்ணீரில் நடப்பவர் மாதிரி. யாரும் லைனை நிறுத்துவதில்லை. கேட்கும்போது என் மூச்சும் அவருக்காகக் காத்திருக்கும். தரையில் பிரஸ்ஸின் அதிர்வு, காதில் அந்தத் தாமதம், இரண்டுக்கும் நடுவில் ஸ்டோர் அறையின் மங்கிய வெளிச்சத்தில் நான் எங்கோ மிதந்துகொண்டிருப்பேன். பன்னிரண்டரை மணிச் சங்கு ஊதும்போது சில நாள் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்திருக்கும்.

குன்றத்தூரில் மலைக்கோயிலுக்குப் போகும் வழியில் காது பரிசோதிக்கும் சிறிய நிலையம் ஒன்று இருந்தது. மனைவியும் நானும் போனோம். பரிசோதிப்பவர் முப்பது வயதுப் பெண். திருநெல்வேலிப் பக்கம், கணவருக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை. என்னைக் கண்ணாடிச் சுவர் வைத்த அறைக்குள் உட்கார்த்தி, காதில் இயர்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்.

"சத்தம் கேட்டா அமுக்குங்க ஐயா. கேக்காட்டி சும்மா இருங்க. இது பரீட்சை ஒண்ணும் இல்ல."

பரிசோதனை என்றால் தேறியாக வேண்டும் என்று முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவனிடம் அவர் இதைச் சொன்னார். முதல் சத்தம் தடித்த குரலில் வந்தது. அமுக்கினேன். நான்கு எண்ணும் அளவு இடைவெளி. அடுத்தது. மறுபடி நான்கு. சத்தங்கள் மெலிந்து, உயர்ந்து, நட்சத்திரம் போல் தூரத்தில் மினுங்கின. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அதோ. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அதோ. என் காது இவ்வளவு நன்றாகவா இருக்கிறது என்று நெஞ்சு நிறைந்துபோனது. வீட்டுக்குப் போனதும் போனைக் கடையில் கொடுத்துப் பழுது பார்க்க வேண்டும் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

அறைக் கதவு திறந்தது.

"ஐயா, கடைசியா எத்தனை சத்தம் கேட்டுச்சு?"

"பதினொண்ணு."

"ஆறுக்கு மேல நான் அனுப்பவே இல்லயே. மிச்சம் அஞ்சுக்கு எதுக்கு அமுக்குதீய?"

"நான் ஏமாத்தலம்மா. கேட்டுச்சு."

வாசலில் நின்ற மனைவி சொன்னாள்: "அவுரு அப்டித்தாம்மா. குக்கர எறக்கி வெச்ச பொறவும் விசில எண்ணிக்கினு இருப்பாரு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "பொய்யின்னு நான் சொல்லல. காது நிறுத்துன பிறகும் மனசு எண்ணிட்டே போகுது. இனி எண்ண முடியாத மாதிரி அனுப்புதேன், பாருங்க" என்று கதவைச் சாத்தினார்.

எனக்கு உண்மையிலேயே கேட்டது. அதுதான் என்னைக் கலக்கியது. அந்த ஐந்து சத்தங்களும் மற்ற ஆறைப் போலவே மென்மையாக, தொலைவில் இருந்து வந்தன. அப்படியானால் இத்தனை நாள் மாடியறையில் நான் கேட்டது எந்தப் பாட்டு? மூன்று சுரங்களும் எப்போதோ போய்விட்டு, நானே பல மாதம் அவற்றை உள்ளிருந்து நிரப்பிக்கொண்டிருந்து, ஆவணியில் ஒருநாள் அதற்கும் தெம்பு இல்லாமல் போயிற்றா? இரண்டாம் முறை சத்தங்கள் ஒழுங்கில்லாமல் வந்தன. எண்ண எதுவும் பிடிபடவில்லை. இருட்டில் பூச்சி பிடிப்பவன் போல உட்கார்ந்திருந்தேன். நெடுநேரம் அமுக்கவே இல்லை.

தாளில் இரண்டு கோடுகள் வரைந்து காட்டினார். இடமிருந்து சமமாகப் போய், வலப்பக்கம் இரண்டும் படிக்கட்டில் தவறியது போல் விழுந்தன. மேல் ஒலிகள் போய்விட்டன. சில வாரம் போட்டுப் பார்க்கலாம் என்று இரண்டு காதுக்கும் கேட்கும் கருவி மாட்டி, எப்படிக் கழற்றுவது, எப்படித் துடைப்பது என்று நிறைய சொன்னார். எனக்குப் பாதி மனதில் ஏறவில்லை.

ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தது வேறு உலகம். சட்டைப் பையில் காகிதம் உரசுவது கேட்டது. பக்கத்திலிருந்த பையன்களின் அடையாள அட்டைகள் ஒன்றோடொன்று இடித்தன. மனைவியின் வளையல்களில் ஒன்று மட்டும் வேறு சுரத்தில் ஒலிப்பது தெரிந்தது. எட்டு வளையல்.

மாடியறையில் ஒன்பதாம் பாட்டைப் போட்டேன். மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான்கு நிமிடம் ஆனது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு ஐந்து. ஆறு. ஏழு. மூன்றும் வந்தன. ஆனால் எவர்சில்வர் மூடியைத் தட்டியது போல் மெலிந்து, கூராக இருந்தன. என் நினைவில் இருந்தவை தேன் நிறத்தவை. இவை அவைதானா என்று தெரியவில்லை. இன்னும் சரியாகக் கேட்கப் பாட்டைப் பின்னால் தள்ளி, காதோரம் கையைக் குவித்தேன்.

ஏழுக்கு மேல் எட்டாவதாக ஒன்று வந்தது. நீண்டது, மெல்லியது, நிற்காமல் ஏறியது. இருபத்தாறு வருடத்தில் கேட்டதே இல்லை.

"எட்டு இருக்கு" என்றேன். "இத்தனை நாள் எனக்குத் தெரியல. எட்டு."

அவள் தலையைச் சாய்த்து என் பக்கம் குனிந்தாள். "அது பாட்டுல இல்லீங்க. உங்க காதுலேந்து வருது."

"என்ன?"

"மெஷின் கத்துது. கைய வெச்சா கத்தும்னு அந்தப் பொண்ணு அவ்ளோ நேரம் சொல்லிச்சே. நீங்க பேட்டரிய எண்ணிக்கினு இருந்தீங்க."

கையை எடுத்தேன். நின்றது. வைத்தேன். வந்தது. கருவியில் இருந்து கசியும் ஒலி உள்ளங்கையில் பட்டு, திரும்பக் கருவிக்குள்ளேயே நுழைந்து, சுற்றிச் சுற்றி ஊளையிடுகிறது. பராமரிப்பில் இருந்தவனுக்கு இது புரியாத விஷயமில்லை. அந்தக் கிட்டார்க்காரர்களும் வேறெதுவும் செய்வதில்லை. கிட்டாரை ஒலிபெருக்கியின் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, வெளியே போன சத்தம் தந்திக்குள் திரும்பி வரும்வரை நிற்கிறார்கள். ஏழாவது சுரத்தின் நடுக்கமே அப்படி வந்ததுதான்.

பாட்டு முடிந்துவிட்டது. கை இன்னும் காதோரம் இருந்தது.

"எறக்குங்க" என்றாள். "எனக்குப் பல்லு கூசுது."

"எந்தச் சுரம்னு பாக்கறேன், இரு."

"எதுவா இருந்தா இன்னா. ஏழும் வந்துச்சா இல்லியா, அத சொல்லுங்க மொதல்ல."

வந்தது என்றேன். கொஞ்சம் தகரம் மாதிரி இருந்தாலும் வந்தது.

"எனக்கு இத்தினி வருஷமும் அது தகரமாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு, போனை என் கையிலிருந்து வாங்கி, அவளே மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.