மாலதியின் முன்சக்கரம்

கன்னியாகுமரி வரை சைக்கிளில் போகலாம் என்று முதலில் சொன்னவள் பிரிசில்லாதான். கடலூரில் ஒரே பள்ளியில் அவள் விளையாட்டு ஆசிரியை, மாலதி இயற்பியல் ஆசிரியை. இருவரும் ஒரே மாதிரி கியர் சைக்கிள் வாங்கி, ஞாயிறுதோறும் குறிஞ்சிப்பாடி வரை ஓட்டிவிட்டு வருவார்கள். அந்தப் பழக்கத்தில் பிறந்த ஆசை அது.

மாலதி கணவனிடம் கேட்டபோது திருநாவுக்கரசு மறுக்கவில்லை.

“போயேன், யாரு வேணாங்கிறா? ஆனா வழியில செல்லு சார்ஜு தீந்துபோச்சின்னா ஒன்ன எங்கன்னு தேடுவேன்? இருட்டுல லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியணும் இல்ல?”

நியாயமான கேள்விகள் என்றே மாலதி நினைத்தாள். கணக்குப் போடுவதுபோல் உட்கார்ந்து யோசித்தாள். டயரில் உரசும் பழைய டைனமோ மிதிப்பவளின் காலைப் பிடித்து இழுக்கும், மழையில் வழுக்கும். பேட்டரி விளக்கை எடுத்துப்போனால் தங்குமிடத்தில் கரண்ட் இருக்க வேண்டும். 2011இல் எந்த ஊரில் எப்போது கரண்ட் இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? சக்கரத்தின் நடு அச்சிலேயே டைனமோ இருந்துவிட்டால் உரசல் இல்லை, சத்தம் இல்லை. வண்டி ஓடுகிற வரை விளக்கு எரியும். பகலில் விளக்கை அணைத்துவிட்டு செல்லுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம்.

கப்பலில் வேலை பார்க்கும் பிரிசில்லாவின் அண்ணன் அப்படி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்தார். வண்டி நின்ற பிறகும் சற்று நேரம் அணையாத முன்விளக்கும் கூடவே வந்தது. அதை நடுவில் வைத்து முன்சக்கரம் கோத்தாயிற்று. அதிலிருந்து வரும் மின்சாரத்தைச் செல்லுக்கு ஏற்றபடி மாற்றும் சர்க்யூட்டை மாலதியே பற்றவைத்து, ஒரு சோப்புப்பெட்டிக்குள் அடைத்துக் கைப்பிடியில் கட்டினாள். முதன்முதலாகச் செல்லில் சார்ஜ் ஏறும் கோடுகள் ஓடியபோது தெருவென்றும் பாராமல் சிரித்துவிட்டாள்.

அந்த டிசம்பர் கடைசியில் புயல் வந்தது. மரங்களும் மின்கம்பங்களும் சரிந்தன. கடலூர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. எதிர்வீட்டில் இருந்த நாத்தனார் கொளஞ்சியம்மாள் செல்லோடு வந்தாள். “மெட்ராஸ்ல புள்ள பயந்துகெடப்பான், கொஞ்சம் ஏத்திக்குடு மாலதி.” மறுநாள் திருநாவுக்கரசு உறவுக்காரர்களின் செல்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தான்.

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்தால் பின்சக்கரம்தான் சுற்றும். டைனமோ இருந்ததோ முன்சக்கரத்தில். ஓட்டித்தான் ஆக வேண்டும். தெருவின் இந்த முனையில் ஒரு வேப்பமரம் விழுந்து கிடந்தது, அந்த முனையில் ஒரு கம்பம். இரண்டுக்கும் நடுவே மாலதி போனாள், திரும்பினாள், போனாள். ஒரு செல் ஏறி முடிவதற்குள் தொடை கடுத்துவிடும். உடனே அடுத்ததை நீட்டுவார்கள்.

“எங்க வூட்ல சைக்கிள்லயே கரண்டு எடுக்குறா!” என்று திருநாவுக்கரசு வந்தவர்களிடம் பெருமையடித்தான். அது காதில் விழும்போதெல்லாம், இனி இவர் மறுக்கமாட்டார் என்று அவள் இன்னும் வேகமாக மிதித்தாள்.

மே விடுமுறையில் புறப்படத் தேதி குறித்துவிட்டுச் சொன்னாள். அவன் செய்தித்தாளை மடித்தான்.

“ரெண்டு பொம்பளைங்க, ஊர் ஊராத் தங்கிக்கிட்டு… அக்கம்பக்கத்துல என்னான்னு கேப்பாங்க?”

“லைட்டு கேட்டீங்க, மாட்டிட்டேன். சார்ஜு கேட்டீங்க, அதையும் செஞ்சிட்டேன். இன்னும் என்னங்க வேணும்?”

“நான் லைட்டப் பத்தியா பேசுனேன்?”

ஒரு வருஷமாக மாலதி வோல்ட்டும் வாட்டுமாகத் தேடியலைந்தது கேட்கப்படாத ஒரு கேள்விக்கான விடையை. அவனைவிடத் தன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

சிறிது நேரம் கழித்து அவனே இறங்கிவந்தான். “சிதம்பரம் வரைக்கும் வேணா போய்ட்டு வந்துடு. நான் என்ன கொடுமக்காரனா?”

கன்னியாகுமரிக்கு மாலதிக்குப் பதிலாகக் கயல்விழி என்ற இன்னொரு ஆசிரியை கிளம்பினாள். மூவரும் விடிந்ததும் கடலூரிலிருந்து புறப்பட்டார்கள். சிதம்பரம் கீழவீதியில் டீ குடித்து முடித்ததும் மாலதி ஸ்பேனரை எடுத்தாள். தன் முன்சக்கரத்தைக் கழற்றி பிரிசில்லாவின் வண்டியில் மாட்டினாள். விளக்கும் சோப்புப்பெட்டியும் இடம் மாறின.

“வேணாம்டி, ஒனக்குன்னு செஞ்சது.”

“கடலூருக்குள்ள எனக்கெதுக்கு? ரொம்ப மெதுவாப் போனா சார்ஜ் ஏறாது, பாத்துக்க.”

மாலதி குனிந்து நட்டை இறுக்கினாள்.

அவர்கள் சீர்காழிப் பக்கம் போனார்கள். பிரிசில்லாவின் பழைய சக்கரத்தோடு மாலதி எதிர்க்காற்றில் திரும்பினாள். வீட்டில் கொளஞ்சியம்மாளிடம் திருநாவுக்கரசு சொல்லிக்கொண்டிருந்தான்: “சைக்கிள்லயே செதம்பரம் போய்ட்டு வந்துட்டா பாருக்கா! நம்ம வூட்ல எதுக்குமே தட போட்றதில்ல.”

மாலதி கால் கழுவிவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள்.

ஜூனில் பள்ளி திறந்தது. நாத்தனார் மகள் சைக்கிளைக் கேட்டாள். எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாலதி பஸ்ஸில் போனாள்.