விசிலுக்கு நிற்கும் வண்டி

"ஏன்டா ஊதினே?" என்று என் மகனிடம் இதுவரை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். ஒருநாள் "வயர்" என்றான். ஒருநாள் "யானை" என்றான். நேற்று "அப்பா" என்று சொல்லிவிட்டு பிஸ்கட் கேட்டான். மூன்று வயதுப் பையன் சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது? நூற்று இருபது டன் எடையை ஏற்றிவந்த ஒரு வண்டி அவன் ஊதியதற்காக நடுத்தெருவில் நின்றது. அவன் எதைப் பார்த்து ஊதினான் என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

என் கணவர் பாபு, பெரிய சரக்குகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறார். சாதாரண லாரியில் ஏற்ற முடியாத மின்சாதனங்களைத் துறைமுகத்திலிருந்து உள்ளூர்களில் இருக்கும் துணை மின்நிலையங்களுக்குக் கொண்டுபோவார்கள். மாதத்தில் பாதி நாள் அவர் சாலையில்தான் இருப்பார். கவினுக்குத் திருத்தணியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தோம். இந்த முறை எண்ணூர் துறைமுகத்தில் இறங்கிய ஒரு டிரான்ஸ்ஃபார்மர், திருத்தணி வழியாக ஆர்.கே.பேட்டைப் பக்கம் போக வேண்டியிருந்தது. முதல் முறையாக அவரே முழுப் பொறுப்பு. "நீ புள்ளைய கூட்டிகினு ரயில்ல வந்துடு. நான் வண்டிய ஓரங்கட்டிட்டு மலைக்கு வந்துர்றேன்" என்றார்.

காலை 5.30, ஆவடி. மின்சார ரயிலில் கூட்டம் குறைவு. டிக்கெட் பதினைந்து ரூபாய். திருவள்ளூர் தாண்டியதும் வானம் வெளுத்தது. மணவூரில் பூக்கூடைகளோடு நாலைந்து பெண்கள் ஏறினார்கள். அரக்கோணத்தில் பாபுவிடமிருந்து போன் வந்தது. வழியில் இருக்கும் அம்மையார்குப்பத்தில், தெருக் கம்பிகளுக்கு அடியில் வண்டி போவதற்காக மின்சாரத்தை நிறுத்தித் தருவதாக இருந்த நாள் மாறிவிட்டதாம். இன்றைக்கே, பதினொன்றிலிருந்து ஒரு மணி வரைதான். அதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் அந்த ஊரைக் கடந்துவிட வேண்டும். "மொட்டைய நீயே போட்டுடு" என்றார். அவர் குரலில் மன்னிப்பு இருந்ததா, அவசரம் மட்டும் இருந்ததா என்று திருத்தணி வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

காலை 7.45, மலை மேல். மொட்டைக்கு இப்போது கட்டணம் இல்லை. சீட்டு வாங்கிக்கொண்டு, அப்பா இல்லாமல் போடலாமா என்று தயங்கி இரண்டு பேரை முன்னால் விட்டேன். மூன்றாவது ஆளாகப் போய் உட்கார்ந்தேன். கவின் அழுத அழுகையில் கத்தி எங்கே பட்டுவிடுமோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். நல்லபடியாக முடிந்தது. தலையில் சந்தனம் பூசி, தரிசனம் முடித்து, வெளியே கடையில் அவன் கைகாட்டிய விசிலை வாங்கிக் கொடுத்தேன். இருபது ரூபாய், சிவப்புக் கயிறு. அழுகை நின்றது. அந்தத் தலையை அவன் அப்பாவிடம் அன்றைக்கே காட்டிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மலையடிவாரத்தில் டவுன் பஸ் ஏறிவிட்டேன். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆர்.கே.பேட்டை இருபது கிலோமீட்டர் இருக்கும்.

காலை 10.15. ஆர்.கே.பேட்டையைத் தாண்டி, சாலையோரம் புளியமரங்களுக்குப் பக்கத்தில் அது நின்றுகொண்டிருந்தது. தூரத்தில் பார்த்தபோது ஏதோ கட்டடம் என்றுதான் நினைத்தேன். அடியில் சக்கரங்கள் தெரிந்த பிறகுதான் புரிந்தது. சாம்பல் நிறத்தில், ஜன்னலே இல்லாத வீடுபோல ஒரு இரும்புப் பெட்டி. அதன் நெற்றியில் சாமந்தி மாலை, குங்குமம். முன்னால் இழுப்பதற்கு ஒரு வண்டி, பின்னால் தள்ளுவதற்கு ஒன்று. நடுவில் இருந்த டிரெய்லரின் டயர்களை கவின் எண்ண ஆரம்பித்தான். அவனுக்குப் பத்து வரைதான் தெரியும். பத்து வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். அப்படி எத்தனை பத்து என்று நானும் பாதியில் விட்டுவிட்டேன்.

பாபு ஓடிவந்தார். மகனின் தலையைத் தடவினார், கையில் ஒட்டிய சந்தனத்தைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். "ஜீப்புல உக்காந்துகினு கூடவே வா. ஊரத் தாண்டினதும் பஸ் ஏத்தி விடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உட்காரலாமா, அது முறையா என்று கேட்பதற்கு ஆள் இல்லை.

வண்டிக்கு முன்னால் சிவப்புக் கொடி கட்டிக்கொண்டு போகும் ஜீப் அது. ஓட்டுநர் சேகர் அந்தப் பக்கத்துக்காரர். கவினைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னா நைனா, விசில் வாங்கிகினு வந்துட்டியா? இங்க ஊதிடாத. வண்டி நின்னுடும்."

நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். அவரே விளக்கினார். இழுக்கிற வண்டியின் டிரைவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. அதனால் இருபக்கமும் ஆட்கள் நடந்துவருகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் மேலே இரண்டு பேர் கவைக்கொம்பு வைத்துக்கொண்டு தெருவின் குறுக்கே போகும் கம்பிகளைத் தூக்கிவிடுகிறார்கள். எல்லார் கழுத்திலும் விசில். பேசுவதற்கு வாக்கி டாக்கி உண்டு, நிறுத்துவதற்கு மட்டும் விசில்தான். "வாயத் தொறந்து சொல்றதுக்குள்ள ரெண்டு அடி பூடும்மா. விசில்னா ஒடனே நின்னுடணும். எவன் ஊதினாலும் சரி."

அப்போதே கவினிடமிருந்து வாங்கி வைத்திருக்கலாம். வாங்கினால் அழுவான், அழுதால் அவன் அப்பா திரும்பிப் பார்ப்பார் என்று விட்டுவிட்டேன்.

காலை 11 மணி, அம்மையார்குப்பம். நெசவு ஊர் என்பதால் தறிச் சத்தம் காதை அடைக்கும் என்று எதிர்பார்த்தேன். ஊர் நிசப்தமாக இருந்தது. மின்சாரத்தை நிறுத்தியிருந்ததால் விசைத்தறிகள் எல்லாம் நின்றுபோய், நெய்கிறவர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். மனிதர் நடப்பதைவிட மெதுவாக டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. வீட்டு வாசல்களில் நிழல் ஏறி இறங்கியது. ஒரு பாட்டில் தண்ணீரை ஜீப்பின் முன்பக்கம் வைத்திருந்தேன், அந்தத் தண்ணீர்கூட நடுங்கியது. ஒரு பெண் எட்டி அதன் பக்கவாட்டைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஷாக் அடிக்கப் போவுதுடி" என்றாள் இன்னொருத்தி. நடந்துவந்த ஆட்களில் ஒருவர், "அதுக்குள்ள காத்துதான் ரொப்பிக் கீது, நல்லாத் தொடு" என்று சொல்ல, சிரிப்பு எழுந்தது. இவ்வளவு பெரிய ஒன்றை மனிதர்கள் செய்து, கப்பலில் ஏற்றி, இந்தத் தெருவுக்குள் நடத்திக்கொண்டு வருகிறார்கள் என்பதை என் கண்ணால் பார்த்துக்கொண்டே என்னால் நம்ப முடியவில்லை.

கவின் பின்சீட்டில் ஏறி நின்று, பின்கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

11.50. கோயிலுக்குப் பக்கத்தில் தெரு வளைகிற இடம். வளைவில் பாதி திரும்பியிருந்தபோது கவின் ஊதினான். ஒரே ஒரு முறை, மூச்சு முழுவதையும் போட்டு.

பின்னால் பெருமூச்சுபோல பிரேக் சத்தம் கேட்டது. சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளைத் தள்ளுகிற சத்தம் இரண்டு பக்கமும் வரிசையாகக் கேட்டது. பிறகு இன்ஜினும் நின்றது. சேகர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "சொன்னேனே நைனா" என்றார் மெதுவாக.

பின்னாலிருந்து அந்த ஆட்களின் மேஸ்திரி தணிகாசலம் நடந்துவந்தார். ஐம்பது வயது இருக்கும், துண்டைத் தலையில் கட்டியிருந்தார். "யார்ரா ஊதினது?"

"நான் இல்ல மேஸ்திரி."

"நானும் இல்ல. முன்னாலருந்து கேட்டுச்சு."

நான் இறங்கினேன். "என் பையன்தாங்க. தெரியாம ஊதிட்டான். ஒண்ணும் இல்லைங்க, நீங்க போகலாம்."

அவர் கவினைப் பார்த்தார். மொட்டைத் தலை, சந்தனம், வாயில் விசில். "ஆங்" என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். "ஊதியாச்சு இல்லம்மா. சுத்திப் பாத்துட்டுத்தான் எடுக்கணும்."

நின்ற நேரம் நின்றதுதான். ஒவ்வொரு டயராக, ஒவ்வொரு சங்கிலியாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். பாபு எதிரில் வந்து நின்றார், என்னையும் பார்க்கவில்லை, பையனையும் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்குள் தாண்டாவிட்டால் தறிகள் அத்தனையும் இவரால் நிற்கும், முதல் பொறுப்பிலேயே கெட்ட பெயர். அந்தப் பதற்றத்தில் கவினை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

"அடிக்காதம்மா." மேஸ்திரி டிரெய்லருக்கு அடியிலிருந்தே சொன்னார். "ஊதினவன அடிச்சா அப்பால எவனும் ஊத மாட்டான். அப்புறம் நாங்க இன்னா பண்றது?"

கையைக் கீழே இறக்கினேன்.

தறிக்காரப் பெண்மணி ஒருத்தி வாசலில் நின்று, "இன்னா சார், இங்கயே குடி வந்துட்டீங்களா? வாடகை சொல்லட்டா?" என்று பாபுவைக் கேட்டாள். பாபுவுக்கு அதே நேரம் அலுவலகத்திலிருந்து போன். வண்டி நின்றது அங்கே தெரிந்திருக்கிறது.

"விசில் வந்தது சார், நின்னோம்" என்றார். எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். பாபு ஒரு நொடி கவினைப் பார்த்தார். "நம்ம ஆள்தான் சார்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அப்போது மேலேயிருந்து குரல் வந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் பின்மூலையில், தூக்குவதற்கான கொக்கியில், ஒரு கம்பி மாட்டியிருந்தது.

"கேபிள் டிவி வயரு மேஸ்திரி. சும்மா, அறுந்தா அறுந்துட்டுப் போவுது."

"அது கட்டியிருக்கற கம்பத்தப் பாரு, வளைஞ்சு கீது."

"நானே ஊதலாம்னுதான் இருந்தேன்."

"நீ ஊதலியே. மொட்டப் புள்ளதான ஊதினான்."

சேகர் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். "நிறுத்திப் பாத்தா எதுனா ஒண்ணு மாட்டிகினுதான் இருக்கும்" என்றார் மேஸ்திரி. அவர் கும்பிடவில்லை. ஜீப்பின் பின்கண்ணாடியிலிருந்து அந்த மூலை தெரியுமா என்று நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். வளைவில் திரும்பியிருந்த அந்த நிலையில் ஓரம் மட்டும் தெரிந்தது. என் கண்ணுக்கு அது தெரிந்தது, குழந்தையின் உயரத்துக்குத் தெரியுமா என்று குனிந்தும் பார்த்தேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வயரைக் கழற்றிவிட்டு 12.15க்குப் பச்சைக்கொடி காட்டி எடுத்தார்கள். ஒரு மணி ஆனபோது ஊரின் கடைசிக் கம்பிகள் இன்னும் மீதி இருந்தன. மின்வாரிய ஊழியர் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். கூடவே நடந்துவந்திருந்த அந்தத் தறிக்காரப் பெண்மணிதான், "குடுங்க சார் பத்து நிமிஷம். மொட்ட போட்ட புள்ளைக்கு எங்க ஊர் மொய்யின்னு வெச்சிக்கறோம்" என்றாள். கூட்டம் சிரித்தது. அவர் போனில் பேசினார்.

1.10. கடைசிக் கம்பி வண்டியின் முதுகைத் தாண்டி இறங்கியது. சிறிது நேரத்தில் எங்களுக்குப் பின்னால் ஒரு தறி ஓடத் தொடங்கியது. பிறகு பக்கத்து வீட்டில், அடுத்த தெருவில் என்று ஊர் முழுவதும் அந்தச் சத்தம் பரவியது. டிரான்ஸ்ஃபார்மர் வயல்களுக்கு நடுவே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு பெரியது, பின்னால் திரும்பிப் பார்க்காமல் போவதுபோல எனக்கு இருந்தது. எங்களை பஸ் ஏற்றிவிடும்போது பாபு கவினின் தலையில் முத்தமிட்டார். என்மேல் கோபமா என்று கேட்கவா வேண்டாமா என்று நினைப்பதற்குள் பஸ் எடுத்துவிட்டது.

ஆவடிக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. எங்கள் தெருவில் எந்த வண்டியும் யாருக்காகவும் நிற்பதில்லை. அதை நான் இத்தனை வருடம் கவனித்ததுகூட இல்லை. போன வாரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கேட் திறந்திருந்தது. கவின் தெரு ஓரத்தில் நின்று ஒரு ஷேர் ஆட்டோவைப் பார்த்து விசில் ஊதிவிட்டு, அது நிற்கும் என்ற நம்பிக்கையோடு ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தான். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். ஆட்டோ போய்விட்டது. அவன் அழவில்லை. "ஏன் நிக்கல?" என்று மட்டும் கேட்டான்.

விசிலை அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்திருக்கிறேன். "பிடுங்கி வெச்சா அவன் தப்பு பண்ணிட்டான்னு ஆயிடும். குடுத்துடு" என்று பாபு போனில் சொல்கிறார். அவர் எப்போதும் நிற்கிற வண்டிகளோடு இருக்கிறவர். நானோ நிற்காத வண்டிகள் போகும் தெருவில் குழந்தையை வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குக் காலையிலும் கவின் அலமாரிக்குக் கீழே நின்று, கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான்.

குழந்தை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ஊதினால் நிற்கிற வண்டியும் உண்டு, நிற்காத வண்டியும் உண்டு என்பதை, அன்றைக்கு ஊதியது தப்பு என்று அவன் நினைத்துவிடாதபடி, மூன்று வயதுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது? அதைச் சொல்லத் தெரிகிற வரைக்கும் விசில் மேல்தட்டிலேயே இருக்கலாமா, இல்லை இறக்கிக் கொடுத்துவிடலாமா?