சேவியர் ஜப்பானுக்கு அனுப்பிய மதுரைத் துறவி

சேவியர் போய்விட்டார். நேற்று மத்தியானம், ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டில். சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர்... அவ்வளவுதான்.

பினாங்கில் பிறந்தவர். எண்பத்து நாலில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கேட்டலாக் பிரிவில் சேர்ந்தபோது பக்கத்து மேசை அவருடையது.

ஜப்பானில் நாரா என்ற ஊரிலுள்ள பெரிய புத்தர் சிலைக்கு, எட்டாம் நூற்றாண்டில் கண் திறந்து வைத்தவர் ஓர் இந்தியத் துறவி. ஒரு லஞ்ச் நேரத்தில் இதைச் சேவியருக்கு முதலில் சொன்னவன் நான்.

இதை இந்த அஞ்சலியில் எழுதலாமா என்று இரண்டு தரம் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

ஈவினிங் கிளாஸில் ஒன்பது வருடம் ஜப்பானிய மொழி படித்தவன் நான். நான் பார்த்த பழைய குறிப்புகளில் அந்தத் துறவி தென்னிந்தியர் என்பதுதான் இருக்கிறது, ஊர் இல்லை. மதுரை என்பது பின்னால் வந்த ஊகம். இதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

சேவியர் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அடுத்த பொங்கல் விழாவில் மேடையேறினார். "மதுரைக்காரன் ஒருத்தன் கப்பலேறிப் போய் ஜப்பான்காரன் சாமிக்கே கண்ணு தொறந்தான்!" ஹோம்புஷ் மண்டபம் முழுக்கக் கைதட்டல்.

என் மனைவியும் தட்டினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வருடா வருடம் கதை வளர்ந்தது. துறவிக்கு மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் வீடுகூட வந்துவிட்டது.

"ஆதாரம் எங்கே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சிவம் அண்ணே, ஆதாரம் சொன்னா எல்லாரும் வடை எடுக்கப் போயிருவாங்க லா" என்றார், பினாங்குப் பேச்சில்.

நானும் சிரித்தேன். அன்று வீட்டில் சாப்பிடவில்லை.

பிறகொரு வருடம் ஜப்பானியப் பேராசிரியை ஒருவர் சேவியர் பேச்சைக் கேட்க வருவதாக இருந்தது. சேவியருக்குப் பயம். எழுதியதைக் கொண்டுவந்து தந்தார். "தப்பு இருந்தா அடிச்சிருங்கண்ணே, மானம் போயிரும்."

பதினொரு பிழைகள். எண்ணினேன்.

"எல்லாம் சரி" என்று திருப்பிக் கொடுத்தேன்.

பேச்சு முடிந்ததும் அந்த அம்மா எழுந்து, மிகத் தன்மையாக, மதுரை என்று எந்தப் பதிவில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். எத்தனையோ வருடமாக நான் காத்திருந்த நிமிடம்.

சேவியர் தடுமாறவே இல்லை. "எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சவர் பின்னால உட்கார்ந்திருக்கார். இந்தக் கதையே அவர் குடுத்ததுதான். சிவம் அண்ணே, மேடைக்கு வாங்க!"

எல்லாத் தலைகளும் திரும்பின. எழுந்தேன்.

"எனக்கும்... தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

திரும்பும்போது காரை நான்தான் ஓட்டினேன். சேவியர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிக்னலில் மட்டும், "பச்சை விழுந்திருச்சு, போங்கண்ணே" என்றார்.

காலையிலிருந்து அவருடைய பேஸ்புக் பக்கம் முழுக்க அஞ்சலிகள். எல்லோரும் மதுரைத் துறவியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். ஒன்று விடாமல் வாசித்தேன்.

இன்னும் எரிகிறது... செத்த மனிதர் மேல்.

சற்று முன் சேவியரின் மகள் ஸ்டெல்லா எனக்குப் போன் எடுத்தாள். "அங்கிள், ஃபியூனரல்ல அப்பாவோட ஜப்பான் ஸ்டோரிய நீங்க சொல்றீங்களா? ப்ளீஸ். யூ நோ இட் பெஸ்ட்."

ஓம், சொல்கிறேன் என்றுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி, லிட்கம் மயானம்.

மதுரை என்றே சொல்லப்போகிறேன்.

போய் வாருங்கள், சேவியர்.